ஒரே கிகாஹெர்ட்ஸில் நிறுத்தினால் சமமாகிவிடுமா?

அன்புள்ள அண்ணா,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். பாலக்காடு சித்தூரில் மூடிப்போன ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்திலிருந்து மூன்று பழைய பெட்டிகள் கைக்கு வந்தன. ஒன்றில் அத்லான் எக்ஸ்பி 2500+, என்ஃபோர்ஸ்2 போர்டு. இன்னொன்றில் 533 பஸ் பென்டியம் 4, 2.4. மூன்றாவதில் செலரான் 2.0. மூன்றையும் 2.2 கிகாஹெர்ட்ஸில் நிறுத்தி ஓட்டினால் எது நல்ல ப்ராசஸர் என்று தெரிந்துவிடும் என்பது என் எண்ணம். சரியான முறைதானா?

செலரானை 2.66 வரை ஏற்றினேன். ஹேங் ஆகவில்லை. ஆனால் வின்ரார் சோதனையில் ஏற்றாத பென்டியத்தைக்கூட அது எட்டவில்லை. நான் எங்காவது தப்புச் செய்கிறேனா? இன்னொன்று, மத்தியானம் ஓட்டினால் பென்டியத்தின் எண்கள் காலையில் வந்ததைவிடக் குறைகின்றன. பாலிடெக்னிக்கில் கூடப் படிப்பவர்கள், இந்தக் குப்பையில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்கிறார்கள். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

*

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த 2.2 விஷயம். அந்த எண்ணுக்கு மூன்றையும் எப்படிக் கொண்டுவருவீர்கள் என்று பாருங்கள். பஸ் என்பது ப்ராசஸர் வெளியே ராமோடு பேசும் பாதை; அதன் வேகத்தை மல்டிபிளையர் என்ற எண்ணால் பெருக்கினால் வருவதுதான் கிளாக், அதாவது ப்ராசஸரின் துடிப்பு வேகம். அத்லானை 11 × 200 என்று வைக்க வேண்டும். பென்டியத்தின் மல்டிபிளையர் 18-ல் பூட்டியிருக்கிறது, மாற்ற முடியாது. ஆகவே பஸ்ஸை 133-லிருந்து (நீங்கள் எழுதிய 533 இதன் நான்கு மடங்கு) 122-க்கு இறக்க வேண்டும். செலரானுக்கு மல்டிபிளையர் 20, அதன் பஸ்ஸை 100-லிருந்து 110-க்கு ஏற்ற வேண்டும். இப்போது மூன்றும் 2.2 காட்டும். ஆனால் அத்லானுக்கு ராம் முழு வேகத்தில் கிடைக்கிறது, பென்டியத்துக்கு இருந்ததும் குறைகிறது, செலரானுக்கு இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுகிறது. கிளாக்கைச் சமமாக்கப் போய் மற்ற எல்லாவற்றையும் சமமில்லாமல் ஆக்கிவிட்டோம்.

அதைவிடப் பெரிய சிக்கல், பென்டியம் 4 அந்த வேகத்துக்காகச் செய்யப்பட்டதே இல்லை. 2000 நவம்பரில் வந்த முதல் பென்டியம் 4-லேயே பைப்லைன் 20 கட்டம். ஒரு கட்டளையை அத்தனை துண்டாக வெட்டினால் ஒவ்வொரு கட்டத்திலும் வேலை குறைவு, அதனால் கிளாக்கை உயரத்துக்குக் கொண்டுபோகலாம். விலை என்னவென்றால், புரோகிராம் எந்தப் பக்கம் திரும்பும் என்ற ஊகம் தவறும்போதெல்லாம் பாதியில் இருக்கும் வேலை அத்தனையும் வீண். அத்லானின் பைப்லைன் முழு எண் கணக்குகளுக்கு 10 கட்டம்தான். ஒரு துடிப்பில் அது அதிக வேலை முடிக்கும், ஆனால் 3 கிகாஹெர்ட்ஸுக்கு ஏறாது. உங்கள் 2500+ உண்மையில் 1.83 கிகாஹெர்ட்ஸ் சிப்தான். கடையில் எல்லோரும் மெகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்து வாங்கிய காலம் என்பதால் அத்லானைச் செய்த ஏஎம்டி அப்படி ஒரு எண்ணை ஒட்ட வேண்டி வந்தது. இரண்டையும் 2.2-ல் நிறுத்திப் பென்டியம் தோற்றது என்று எழுதினால், அது ஒரு துடிப்புக்கு எவ்வளவு வேலை என்ற கேள்விக்கு மட்டும்தான் பதில். எது நல்ல ப்ராசஸர் என்பதற்குப் பதில் ஆகாது.

அப்படியானால் ஓவர்கிளாக் செய்வதே, அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஏற்றுவதே வீணா என்றால், இல்லை. நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: எவ்வளவு உயரம் போகிறது என்று பார்க்காதீர்கள், ஏற்றும்போது எது தடுக்கிறது என்று பாருங்கள். கிளாக்கை 20 சதவீதம் கூட்டினால், 60 வினாடி எடுத்த வேலை 50 வினாடியில் முடிய வேண்டும். முடிந்தால் அந்த வேலைக்கு ப்ராசஸரின் வேகம் மட்டுமே எல்லை. 57 வினாடியில்தான் முடிகிறது என்றால் ப்ராசஸர் பாதி நேரத்துக்கும் மேலாக எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ராமுக்குத்தான்.

உங்கள் செலரானுக்கு நடந்தது இதுவேதான். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. பென்டியத்தின் எல்2 கேஷ், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம், 512 கேபி, செலரானுக்கு 128 கேபி. உள்ளே இருப்பது ஒரே நார்த்வுட் வடிவமைப்பு, நீளமான பைப்லைன். ஆனால் பக்கத்தில் எடுத்துவைக்க இடம் இல்லை. அடிக்கடி ராம் வரை போய் வர வேண்டும். பழைய நாள் வாளையாறு செக்போஸ்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: லாரி எண்பதில் வந்தாலும் நூறில் வந்தாலும் வரிசையில் நிற்கும் நேரம் அதேதான். ஃபைல்களைச் சுருக்கும் வின்ரார், ராமிடம் ஓயாமல் போய் நிற்கிற புரோகிராம். அதே செலரானில் ஒரு வேவ் ஃபைலை எம்பி3 ஆக்கிப் பாருங்கள். அந்த வேலைக்குப் பெரிய கேஷ் தேவையில்லை, ஏற்றிய கிளாக்கின் பலன் அதில் நன்றாகத் தெரியும். இரண்டு சோதனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கேஷ் என்பது என்ன செய்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 1998 ஆகஸ்ட்டில் இன்டெல் செலரான் 300ஏ என்று ஒரு சிப்பை விட்டது. மல்டிபிளையர் 4.5, பஸ் 66. பஸ்ஸை 100 ஆக்கினால் 450 மெகாஹெர்ட்ஸ். பெரும்பாலான சிப்கள் அந்த வேகத்தில் ஓடின. அதற்கும் 128 கேபி கேஷ்தான், ஆனால் ப்ராசஸரின் முழு வேகத்தில் ஓடும் கேஷ். அன்றைக்கு உச்சத்தில் இருந்த பென்டியம் 2 450-க்கு 512 கேபி இருந்தும் அது பாதி வேகத்தில்தான் ஓடியது. பல வேலைகளில் மலிவு சிப் விலையுயர்ந்த சிப்போடு தோளுக்குத் தோள் நின்றது. அளவு ஒன்றுதான், 128 கேபி. ஒரு தலைமுறையில் அது போதும், இன்னொரு தலைமுறையில் மூச்சு முட்டுகிறது. ஓவர்கிளாக் செய்து ஒப்பிட்டவர்களுக்குத்தான் இது கண்ணுக்குத் தெரிந்தது.

சரி, அத்லானுக்கு வருவோம். உங்களிடம் இருப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 2003-ன் கடைசிப் பகுதிக்கு முன்னால் தயாரானதாக இருந்தால் அதன் மல்டிபிளையர் திறந்திருக்கும். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கைக் கழற்றி சிப்பின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். நான்கு இலக்கம் ஒன்று இருக்கும், 0325 என்றால் 2003-ன் 25-ஆவது வாரம். திறந்த சிப் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 11 × 166 என்று ஓட்டுங்கள், அது சுமார் 1830. அடுத்து 9 × 200, அதாவது 1800. கிளாக் ஏறக்குறைய ஒன்று, பஸ்ஸும் ராமும் மட்டும் வேறு. இந்த இரண்டு ஓட்டத்துக்கும் இடையே வரும் வித்தியாசம் முழுக்க முழுக்க ராம் பாதையின் வித்தியாசம். அப்புறம் 11 × 200. இதை 9 × 200-உடன் வைத்துப் பார்த்தால் ராம் அப்படியே இருக்கிறது, கிளாக் மட்டும் கூடியிருக்கிறது. மூன்றே ஓட்டத்தில் இரண்டு காரணங்களையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டீர்கள். 200 பஸ்ஸுக்கு டிடிஆர் 400 ராம் வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ராமைப் பஸ்ஸோடு ஒரே வேகத்தில் வையுங்கள், அந்த போர்டுக்கு அதுதான் நல்லது.

என்ஃபோர்ஸ்2 போர்டில் பிசிஐ, ஏஜிபி என்ற, கூடுதல் அட்டைகளுக்கான பாதைகளின் வேகங்களைப் பூட்டிவைக்கலாம். இன்டெல் போர்டுகள் இரண்டிலும் அந்த வசதி இருக்கிறதா என்று பயாஸில் தேடுங்கள். இல்லையென்றால் 100, 133 என்ற படிகளில் மட்டும் நில்லுங்கள். நடுவில் 120-ல் நிறுத்தினால் மூன்றால் வகுத்து பிசிஐ 33-க்குப் பதில் 40-ல் ஓடும். ஹார்ட் டிஸ்க் கன்ட்ரோலரும் அதே கடிகாரத்தை நம்பித்தான் இருக்கிறது. ப்ராசஸர் தாங்கும், விண்டோஸ் ஃபைல்கள் கெட்டுப்போகும். பயிற்சி மையத்தின் பழைய டிஸ்கில் யாருடைய ஃபைலாவது இருந்தால் முதலில் நகல் எடுத்துவிட்டு, வேறு டிஸ்கை மாட்டிச் செய்யுங்கள்.

மத்தியானத்து எண்களைப் பற்றி நீங்கள் கவனித்து எழுதியது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பலர் இதைப் பார்ப்பதே இல்லை. பென்டியம் 4 சூடானால் நிற்காது, தானாகவே இடையிடையே ஓய்வெடுக்கும். சிபியு-இசட்டில் பார்த்தால் கிளாக் அதே எண்ணைத்தான் காட்டும், வேலை மட்டும் மெதுவாகும். நம் பக்கத்தில் பங்குனி, சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. ஹீட்சிங்க் அறையைவிட 25 டிகிரி அதிகத்தில் சிப்பை வைத்திருக்கிறது என்று கொண்டால், விடிகாலை 27-ல் சிப் 52, மத்தியானம் 38-ல் 63. சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்து, ஃபின்களில் தூசி அடைத்திருந்தால் அந்த 25 இன்னும் கூடும். கணவாய்க் காற்று அடிக்கும் ஊரில் இருந்த பெட்டி, அடைத்திருக்காமல் இருக்காது. ஒரே சோதனையை இடைவெளி விடாமல் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். பின்னால் வரும் ஓட்டங்கள் மெதுவானால் காரணம் சூடுதான். பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவி, விடிகாலையில் ஓட்டி, ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் அறை வெப்பநிலையை எழுதிவையுங்கள். அது இல்லாத எண்ணை நான் நம்புவதில்லை.

அத்லானின் ஹீட்சிங்கைத் திரும்ப மாட்டும்போது மிகவும் கவனம். அந்த சிப்புக்கு மேல் உலோக மூடி கிடையாது. நடுவில் தெரியும் சிறிய கறுப்புச் செவ்வகம்தான் சிலிக்கான், சுற்றி நாலு மூலையிலும் ரப்பர் பொட்டுகள். ஹீட்சிங்கை ஒரு பக்கம் சாய்த்து அழுத்தினால் சிலிக்கானின் முனை உடைந்துவிடும். கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மாட்டும்போது நழுவினால் போர்டில் கோடு விழும். இடது கையால் ஹீட்சிங்கை மட்டமாகப் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல் செய்யுங்கள்.

வோல்டேஜைக் கூட்ட வேண்டாம். இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருக்கிறேன். சிப்பின் சூடு கிளாக்குக்கு நேர்விகிதம், வோல்டேஜின் வர்க்கத்துக்கும் நேர்விகிதம். 1.65 வோல்ட்டை 1.75 ஆக்கினால் 12 சதவீதம் சூடு கூடும். கூடவே கிளாக்கையும் 20 சதவீதம் ஏற்றினால் மொத்தம் 35 சதவீதம். உங்கள் அத்லானின் உச்ச அளவு 68 வாட், அது 92 வாட் ஆகிவிடும். நார்த்வுட் பென்டியங்களின் இயல்பு வோல்டேஜ் 1.5-ஐ ஒட்டியது. அவற்றை 1.7-க்கு மேல் ஏற்றியவர்கள் பலர், சில மாதங்களிலேயே சிப் திடீரென்று செத்துப்போவதைப் பார்த்திருக்கிறார்கள். இந்த சிப்களை இனி யாரும் செய்யப் போவதில்லை. இயல்பு வோல்டேஜில் எது வரை போகிறதோ அதுவே போதும், ஒப்பீட்டுக்கு அதுதான் நேர்மையும்கூட.

பெட்டியைத் திறந்ததும் ப்ராசஸரைச் சுற்றி நிற்கும் கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். உப்பியிருந்தால் மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். அந்தக் காலத்துப் போர்டுகளில் இது பரவலான நோய். இல்லாவிட்டால் கெபாசிட்டர் செய்யும் தப்புக்கு ப்ராசஸர் பழி சுமக்கும். ஏற்றியது உறுதியாக நிற்கிறதா என்று பார்க்க ஒரு இரவு முழுக்க ப்ரைம்95 என்ற சோதனை புரோகிராம் ஓட வேண்டும். அது தன் விடைகளைத் தானே சரிபார்க்கும். சூப்பர் பை என்ற சோதனை முடிந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து உறுதியாக நிற்கிறது என்று சொல்ல முடியாது.

உங்கள் நண்பர்களுக்கு இதைச் சொல்லுங்கள். இன்றைய ப்ராசஸர் சூட்டையும் வேலையையும் பார்த்துத் தன் கிளாக்கைத் தானே நொடிக்கு நொடி மாற்றிக்கொள்கிறது. பல கோர்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேகம். எதனால் எது நடந்தது என்று பிரித்துப் பார்ப்பது கடினம். உங்கள் மூன்று பெட்டியிலும் ஒரு கோர், நீங்கள் வைத்த கிளாக். ஒன்றை மாற்றினால் அதன் விளைவு நேரே தெரியும். 2004 பிப்ரவரியில் இன்டெல் பைப்லைனை 31 கட்டமாக நீட்டி பிரெஸ்காட்டை விட்டது, இன்னும் உயரக் கிளாக் ஏறும் என்ற நம்பிக்கையில். சூடு தாங்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 கைவிடப்பட்டது, அடுத்த ஆண்டு இரட்டைக் கோர் பென்டியம் டி வந்தது. இதைப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படிக்கலாம். உங்கள் நோட்டில் கிளாக், சூடு, வேலை நேரம் என்று மூன்று பத்தி போட்டு எழுதிவந்தால், அந்த முடிவு ஏன் வந்தது என்பது உங்கள் கணக்கிலேயே விளங்கும்.

அத்லானில் அந்த மூன்று ஓட்டத்தையும் முதலில் செய்யுங்கள், வின்ராரிலும் எம்பி3-யிலும். எண்களை அறை வெப்பநிலையோடு அனுப்புங்கள். மல்டிபிளையர் பூட்டிய சிப்பாக இருந்தாலும் எழுதுங்கள், ராம் விகிதத்தை மாற்றி வேறு வழி பார்க்கலாம்.

அன்புடன்.