பள்ளிப் பிள்ளைகளுக்கு இசைக்குழு நடத்துவதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொள்ளலாமா?

வயலின் படிப்பை முடிக்கப்போவதாகச் சொல்லி இதைக் கேட்டிருக்கிறீர்கள். கோவை மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகளாக நான் செய்வது இந்த வேலைதான். தாராளமாக வாருங்கள். ஆனால் மனம் எங்கே தளரும் என்பதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

சம்பளத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2012-ல் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். தனியார் பள்ளியில் அது நிர்வாகத்தின் மனதைப் பொறுத்தது. மாலையில் வீட்டு வகுப்பு எடுக்காமல் குடும்பம் நடத்துவது சிரமம்.

பெரிய சோதனை அதுவல்ல. வில் நேராக ஓடவே ஓராண்டு பிடிக்கும். ஆறாம் வகுப்பில் தொடங்கிய பிள்ளைக்கு, பக்கத்தில் வாசிப்பவரைக் கேட்டுக்கொண்டே தானும் வாசிக்கிற காது ஒன்பதாம் வகுப்பில்தான் வரும். அந்த நேரம் பார்த்துப் பொதுத்தேர்வு வந்து நிற்கும்; இசை வகுப்பைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்ளும். பத்தாம் வகுப்பு முடிந்ததும் பலர் நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளிகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தறி ஓட்டியும் தோட்டம் பார்த்தும் படிக்கவைக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு ஜூனிலும் நீங்கள் முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால்தான் எட்டாம் வகுப்புப் பிள்ளையை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவைக்கிறேன். நான் பத்து முறை சொல்லியும் ஏறாத விரல் நிலை, அக்கா ஒருத்தி தொட்டுக் காட்டினால் ஏறிவிடுகிறது.

இன்னொரு சிக்கல், பாணி. சில பிள்ளைகள் வெளியே கர்நாடக முறையில் கற்பவர்கள். சம்மணமிட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, தந்திகளை ச-ப-ச-ப என்று சேர்ப்பார்கள். மற்றவர்கள் தோளில் வைத்து ஜி-டி-ஏ-இ. இவர்களைச் சேர்த்துவைக்க எனக்குக் கைகொடுத்தவை முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டு ஸ்வரங்கள். ஐரோப்பிய பேண்டு மெட்டுகளுக்கு அவர் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தவை அவை. ராகம் சங்கராபரணம்; ஸ்வரத்தை அசைத்து வாசிக்கிற கமகம் அவற்றில் கிடையாது. மேற்கத்தியப் பிள்ளைகள் படிக்கும் மேஜர் ஸ்கேலும் அதே ஸ்வரங்கள்தான். எல்லோருக்கும் இரண்டு கட்டை, அதாவது டி, என்று சுருதியை வைத்துவிட்டால் யாரும் தன் பாடத்தை விட வேண்டியதில்லை.

வாத்தியங்களைப் பழுதுபார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் மரம் சுருங்கி, தந்தியை முறுக்கும் பிருடை நழுவும். சாக்பீஸ் தூளைத் தடவித் திருப்ப வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாரலோடு வரும் மாதங்களில் அதே பிருடை ஊறி இறுகிக்கொள்ளும். தந்திகளைத் தாங்கும் குதிரை சாய்ந்திருப்பதற்கெல்லாம் வயலினைக் கடைக்கு அனுப்பினால் பிள்ளை வாரக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

மாரியம்மன் நோம்பிகளில், அதாவது திருவிழாக்களில், துடும்பு என்ற மேளம் அடிக்கும் குடும்பத்துப் பையன் ஒருவன் எங்கள் குழுவில் சேர்ந்தான். அவன் அடித்தால் வயலின் ஒன்றுகூடக் கேட்காது. "பின்வரிசை வயலின் உனக்குக் கேட்கிற அளவுக்கு அடி, கண்ணு" என்று மட்டும் சொன்னேன். அடுத்த ஒத்திகையில் கோலைக் கீழே வைத்துவிட்டு விரல் நுனியால் தோலைத் தட்டிக்கொண்டிருந்தான். யாரும் சொல்லித்தரவில்லை. வேகமெடுத்து ஓடும் வழக்கமுள்ள முன்வரிசைப் பிள்ளைகள் அன்று ஓடவில்லை. காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், அவன் கையில் இருந்தது. நான் தாளம் போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். இந்த வேலையில் என்னை நிறுத்திவைத்திருப்பது அது போன்ற பிள்ளைகள்தான்.

முடிவெடுக்கும் முன் ஏதாவது ஒரு பள்ளியில் அனுமதி கேட்டு, ஜூன், ஜூலை மாதங்களில் புதுப் பிள்ளைகளின் வகுப்பில் உட்காருங்கள். கச்சேரி நாளில் போக வேண்டாம். வில் கீச்சிடுகிற அந்த அறைக்கு மறுநாளும் போகத் தோன்றினால் விண்ணப்பியுங்கள். எங்கள் பள்ளிக்கு வர விரும்பினாலும் சொல்லுங்கள், நிர்வாகத்திடம் நானே பேசுகிறேன்.