வங்கிக்கு வரும் தொகை வரம்புக்குள் இருந்தும் மெடிக்கெய்ட் மறுப்பது ஏன்?

கேள்வி: நியூ ஜெர்சி மாநிலத்தில் எடிசனில் வசிக்கிறோம். அமெரிக்கக் குடிமகனான என் தந்தைக்கு வயது 81. பக்கவாதம் வந்ததிலிருந்து நர்சிங் ஹோமில் இருக்கிறார். அம்மா எங்களுடன் இருக்கிறார். அப்பாவின் சோஷியல் செக்யூரிட்டியும் பென்ஷனும் சேர்ந்து வங்கியில் மாதம் 2,887 டாலர் வரவாகிறது. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்டுக்கு 2026-க்கான மாத வருமான வரம்பு 2,982 டாலர் என்கிறார்கள்; ஆனாலும் வருமானம் அதிகம் என்று விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். பல ஆயிரம் டாலர் கட்டணத்தில் வருமான டிரஸ்ட் அமைத்து, அப்பாவின் சேமிப்பையும் அதில் போட்டுக் காப்பாற்றித் தருவதாக ஓர் ஆலோசகர் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: டிரஸ்ட் தேவைதான், ஆனால் ஆலோசகர் சொன்னதன் பிற்பாதி தவறு.

முதலில் மறுப்புக்கான காரணம். மெடிக்கெய்ட் கணக்கில் எடுப்பது வங்கிக்கு வரும் தொகையை அல்ல, பிடித்தங்களுக்கு முந்தைய தொகையை. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேரின் பி பிரிவுக்கான மாதப் பிரீமியம் 202.90 டாலர் சோஷியல் செக்யூரிட்டியிலிருந்து பிடிக்கப்பட்ட பிறகே உங்கள் கைக்கு வருகிறது. அதைக் கூட்டினால் 3,090 ஆகிறது. வரம்பை 108 டாலர் தாண்டிவிடுகிறது. அம்மாவின் பெயரில் வரும் வருமானம் இந்த வரம்புக் கணக்கில் சேராது.

இப்படிச் சிறிய தொகையால் தடைபடுகிறவர்களுக்காக வந்ததுதான் இந்த டிரஸ்ட் ஏற்பாடு; இதில் செலுத்தும் வருமானம் வரம்புக் கணக்கில் சேராது. கொலராடோவில் 1990-இல் தீர்ப்பான ஒரு வழக்கின் பெயரால் மில்லர் டிரஸ்ட் என்று பேச்சில் வழங்கும் இதற்கு, 1993-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் இடம் கொடுத்தது. நியூ ஜெர்சி 2014 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. நியூயார்க், கலிபோர்னியாவில் இருக்கும் உறவினர்களின் அனுபவத்தை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம். அங்கே விதிகள் வேறு. அறக்கட்டளை என்று தமிழில் எழுதினால் ஏதோ தர்ம காரியம் போலத் தோன்றும். உண்மையில் இது மாதாமாதம் பணம் உள்ளே வந்து வெளியே போகும் ஒரு வங்கிக் கணக்கு, அவ்வளவுதான்.

நியூ ஜெர்சியில் ஒரு வருமானத்தைப் பிய்த்துப் போட முடியாது. வரம்பை மீறும் 108 டாலரை மட்டும் போடாமல், பென்ஷனை முழுவதுமாக அந்தக் கணக்கில் செலுத்த வேண்டும். வந்த மாதத்திலேயே செலுத்துவதும் கட்டாயம். ஒரு மாதம் தவறினால் அந்த மாதத்தின் தகுதியே போய்விடும். அப்பாவின் கைச்செலவுக்கு 50 டாலர், அம்மாவின் வருமானம் குறைவாக இருந்தால் அவருக்கு உரிய ஜீவனத் தொகை, மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் ஆகியவை போக மிச்சம் நர்சிங் ஹோமுக்குப் போகும். அப்பாவின் காலத்துக்குப் பிறகு கணக்கில் ஏதாவது எஞ்சினால், மெடிக்கெய்ட் செலவிட்ட அளவுக்கு மாநிலமே முதலில் எடுத்துக்கொள்ளும்.

சேமிப்பை இதில் போடவே கூடாது. வருமானம் அல்லாத பணம் கலந்தால் டிரஸ்டே செல்லாமல் போகக்கூடும். சொத்துக்கு 2,000 டாலர் என்ற தனி வரம்பும், விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்தாண்டுகளில் சொத்து கைமாறியதா என்று ஆராயும் விதியும், வீட்டில் இருக்கும் துணைக்கு ஒரு பங்கை விட்டுவைக்கும் விதியும் உண்டு. முதியோர் சட்டம் அறிந்த வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுப்பதானால் இந்தச் சொத்து விஷயத்துக்குக் கொடுங்கள். டிரஸ்ட் பத்திரத்தின் மாதிரியை மாநில அரசே இலவசமாகத் தருகிறது. டிரஸ்ட் அமைத்துப் பணம் செலுத்திய மாதத்திலிருந்துதான் தகுதி தொடங்கும் என்பதால், இந்த மாதத்துப் பென்ஷன் வருவதற்குள் கணக்கைத் திறந்துவிடுங்கள்.