கேள்வி பதில்: கையால் பிரேக்கர் போடத் தெரிந்தவர்கள்

கேள்வி: மின்சாரம், குடிநீர், எரிபொருள் குழாய் எல்லாம் பல நாடுகளில் தனியார் கையில் இருக்கின்றன. யாராவது கணினி வழியாகத் தாக்கினால் காப்பாற்ற வேண்டியது அரசா, நிறுவனமா?

பதில்: 20 ஆண்டுகள் துணை மின்நிலையத்தில் ஷிப்ட் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பூட்டுப் போட வேண்டியது நிறுவனம். திருடன் எந்தத் தெருவில் திரிகிறான் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டியது அரசு. 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் பெரிய வித்தை எதையும் காட்டவில்லை. வெளியிலிருந்து நிறுவனத்தின் கணினிகளுக்குள் நுழைய உதவும் விபிஎன் இணைப்பில், கைவிடப்பட்ட ஒரு கணக்கின் பாஸ்வேர்டு கிடைத்தது, அவ்வளவுதான். இரண்டாவது சரிபார்ப்பு கிடையாது. சுமார் 8,850 கிலோமீட்டர் குழாயில் எரிபொருள் ஓட்டம் சில நாட்கள் நின்றது. கணினிகளை முடக்கியவர்கள் கேட்ட பணயத்தொகையாக நிறுவனம் ஏறத்தாழ 44 லட்சம் டாலர் மதிப்புள்ள பிட்காயினைக் கொடுத்தது. அந்த பிட்காயினில் பெரும்பகுதியை மீட்டது அரசு.

என் தூக்கத்தைக் கெடுத்தது வேறொன்று. 2015 டிசம்பர் 23, உக்ரைன். கட்டுப்பாட்டு அறை ஊழியரின் கண்ணெதிரே, திரையில் மவுஸ் அம்புக்குறி தானாக நகர்ந்து, பிரேக்கர்களை, அதாவது மின்பாதையை இணைக்கவும் துண்டிக்கவும் உதவும் பெரிய சுவிட்சுகளை, திறந்து மின்சாரத்தைத் துண்டித்தது. அவரால் அதைத் தடுக்க முடியவில்லை. 3 விநியோக நிறுவனங்களில் சுமார் 2,25,000 வாடிக்கையாளர்கள் இருட்டில். அவர்கள் புகார் சொல்லக்கூட முடியாதபடி, தாக்கியவர்கள் தொலைபேசி மையத்தைப் போலி அழைப்புகளால் நிரப்பியிருந்தார்கள். கடைசியில் ஊழியர்கள் துணை மின்நிலையங்களுக்கே நேரில் போய், பிரேக்கர்களைக் கையால் போட்டார்கள். சில மணி நேரத்தில் மின்சாரம் வந்துவிட்டது.

கையால் போடத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். கைப்பிடியைத் தொட்டே பார்க்காதவர்களும் இப்போது ஷிப்டுக்கு வருகிறார்கள். ஆண்டுக்கு ஒரு நாளாவது திரையை அணைத்துவிட்டு அவர்களைப் பழக்க வேண்டும். அதை வீண்செலவு என்று வெட்டுகிற நிர்வாகத்தைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கேள்வி: குடிநீர் வழங்கும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஊடுருவல் நடந்தால் வெளியே சொல்லாமல் சரிசெய்துவிடுகிறோம். இது தவறா?

பதில்: தவறுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரிய பாதிப்பு என்றால் அரசு அமைப்புக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் எச்சரிக்கையும் 72 மணி நேரத்துக்குள் விவரமும் தர வேண்டும். இந்தியாவில் கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் கொடுத்திருக்கும் கெடு 6 மணி நேரம். காரணம் எளிது. நீங்கள் வாங்கிய அதே கருவியை இன்னும் பலர் வாங்கியிருப்பார்கள். உங்களிடம் புகுந்தவனுக்கு அவர்கள் வீட்டு வழியும் தெரிந்துவிட்டது. அரசும் தன் பங்குக்கு, முன்வந்து சொன்னவரைக் குற்றவாளிபோல் நடத்தக் கூடாது.

என் கதையையும் சொல்கிறேன். ஒருநாள் பேனலின் பின்புறம் தூசி தட்டும்போது, பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு ஒரு மோடம் இருந்தது. தொலைவிலிருந்தே பழுது பார்ப்பதற்காக ஒப்பந்ததாரர் மாட்டியது. அவர் வேலை முடித்துப் போய் 4 மாதம் ஆகியிருந்தது. அத்தனை நாளும் வெளியிலிருந்து உள்ளே வர வழி திறந்தே கிடந்திருக்கிறது. பிடுங்கிக்கொண்டு போய் மேலதிகாரியிடம் கொடுத்தேன். “லாக் புத்தகத்தில் ஏற்ற வேண்டாம்” என்றார். நானும் ஏற்றவில்லை. அதே ஒப்பந்ததாரர் வேறு நிலையங்களிலும் வேலை பார்த்திருந்தார். அங்கெல்லாம் பேனலின் பின்னால் யாரும் போய்ப் பார்க்கவில்லை.