நாய்ச் சிறுநீரால் கருகும் புல்தரை: சமையல் சோடாவும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்

கேள்வி: எங்கள் வீட்டுப் பெண் நாய் சிறுநீர் கழிக்கும் இடங்களிலெல்லாம் புல்தரை வட்ட வட்டமாகக் காய்ந்துவிடுகிறது. அமிலத்தன்மைதான் காரணம் என்று கூறி, சமையல் சோடாவைத் தூவும்படி ஒருவரும், நாய்க்கு மாத்திரை கொடுக்கும்படி இன்னொருவரும் சொல்கிறார்கள். எதைச் செய்வது? கருகிய இடங்களை எப்படிச் சரிசெய்வது?

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். புல்லைக் கருக்குவது அமிலம் அல்ல. சிறுநீரில் உள்ள யூரியாவும் உப்புகளுமே. நாயின் உடல், இறைச்சி முதலிய புரத உணவைச் செரித்தபின் எஞ்சும் தழைச்சத்தை (நைட்ரஜனை) யூரியாவாக மாற்றி வெளியேற்றுகிறது. இது நாம் வயலுக்கு இடும் யூரியா உரத்தில் உள்ள அதே பொருள்தான். ஒரு கைப்பிடி உரத்தை ஒரே இடத்தில் கொட்டினால் என்ன ஆகுமோ, அதுதான் உங்கள் புல்தரையிலும் நடக்கிறது. வட்டத்தின் விளிம்பை உற்றுப் பாருங்கள். நடுவில் புல் வைக்கோல் நிறத்தில் செத்துக் கிடக்க, சுற்றிலும் மற்ற இடங்களைவிட அடர்பச்சையாக, சற்று உயரமாகவும் வளர்ந்திருக்கும். நடுவில் அளவு மீறிய அதே தழைச்சத்து, விளிம்பில் நீர்த்துப்போய் உரமாக வேலை செய்திருக்கிறது.

இந்தப் பச்சை வளையம் இல்லையென்றால் நாயைக் குறை சொல்வதற்குமுன் காய்ந்த புல்லைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். வேரோடு பாய்போலச் சுருண்டு வந்தால், அது மண்ணுக்குள் வேரைத் தின்னும் புழுக்களின் வேலை. இலைகளில் புள்ளிகளோ பூசண இழைகளோ தெரிந்தால் அது பூஞ்சை நோய்.

பெண் நாய்கள் பெரும்பாலும் குந்தி, சிறுநீர் முழுவதையும் ஒரே இடத்தில் விடுவதால்தான் பாதிப்பு பெரிதாகத் தெரிகிறது. அவற்றின் சிறுநீரில் தனி நச்சு எதுவும் கிடையாது. குட்டிகளும், காலைத் தூக்காத ஆண் நாய்களும் இதே வட்டத்தைத்தான் உண்டாக்கும்.

ஆகவே முதல் மருந்து தண்ணீர். நாய் எழுந்து நகர்ந்தவுடன், கழித்த சிறுநீரைப்போல் குறைந்தது மூன்று மடங்கு தண்ணீரை அதே இடத்தில் ஊற்றிவிடுங்கள். தாராளமாக ஊற்றினாலும் கெடுதல் இல்லை. சில மணி நேரம் கழித்து ஊற்றினாலும் ஓரளவு பயன் உண்டு, ஆனால் மறுநாள் ஊற்றும்போது புல் பெரும்பாலும் கருகத் தொடங்கியிருக்கும். இரவு முழுவதும் தேங்கியிருந்து காலையில் முதலில் வெளியேறும் சிறுநீர்தான் மிகச் செறிவானது என்பதால், எல்லா நேரமும் பின்தொடர முடியாதவர்கள் அந்த ஒரு வேளையையாவது தவறவிடக் கூடாது. புல்தரைக்கு இடும் உரத்தைக் குறைப்பதும் அவசியம். ஏற்கெனவே தழைச்சத்து நிறைந்த தரை, நாய் சேர்க்கும் கூடுதல் அளவைத் தாங்காது. வாடிய புல்லும், ஒட்ட வெட்டிய புல்லும் இன்னும் விரைவாகக் கருகும்.

சமையல் சோடா என்பது சோடியம் உப்பு. உப்பால் கெட்ட இடத்தில் மேலும் உப்பைச் சேர்ப்பது எந்த வகையிலும் உதவாது. சிறுநீரின் அமிலநிலையை மாற்றும் மாத்திரைகளோ இன்னும் கவலைக்குரியவை: அமிலம் கூடினால் ஒருவகைச் சிறுநீர்க் கற்களும், காரம் கூடினால் வேறுவகைக் கற்களும் உருவாக வாய்ப்புண்டு. புல்லுக்காக நாயின் சிறுநீரகப் பாதையோடு விளையாடுவது எனக்கு உடன்பாடில்லை. உணவில் உப்பைக் கூட்டி நாயை அதிகம் குடிக்க வைப்பதும் அதே ரகம்தான். எப்போதும் சுத்தமான தண்ணீர் கிடைக்கச் செய்வதும், உலர் உணவில் சிறிது தண்ணீர் கலந்து கொடுப்பதும் தீங்கில்லாத வழிகள்.

கருகிய இடத்தைச் சீர்செய்ய, முதலில் அதை நன்றாக நனைத்து உப்பை வேருக்குக் கீழே இறங்க விடுங்கள். இதைச் சில நாள்கள் தொடருங்கள். பிறகு செத்த புல்லை வாரியால் கீறி அகற்றுங்கள். அருகம்புல்லைப் போல ஓடு தண்டுகளால் பரவும் வகையாக இருந்தால், சிறிய வட்டங்களைப் பக்கத்துப் புல்லே சில வாரங்களில் மூடிவிடும். அங்கே பொறுமையே போதும். கொத்துக் கொத்தாக வளரும் வகைகள் அப்படிப் பரவாது. அங்கே மேல்மண்ணை இரண்டு விரற்கடை ஆழத்துக்கு எடுத்துவிட்டுப் புதுமண்ணும் மட்கிய உரமும் நிரப்பி, அதே வகைப் புல்லின் விதையைத் தூவி, மண்ணை லேசாக அழுத்துங்கள், அல்லது வேறு ஓரத்திலிருந்து ஒரு புல்பத்தையை வெட்டி வந்து பதியுங்கள். முளை வேர் பிடிக்கும்வரை ஈரம் காயக் கூடாது. யூரியா இடக் கூடாது. நாயும் அங்கே போகக் கூடாது.

நிலையான தீர்வு வேண்டுமானால், தோட்டத்தின் ஒரு மூலையில் கூழாங்கல்லோ மரச்சீவலோ பரப்பி, அதுதான் நாயின் இடம் என்று பழக்குங்கள். தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் கயிற்றில் பிடித்து அங்கேயே அழைத்துச் சென்று, கழித்து முடித்த அந்தக் கணமே தின்பண்டம் கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் திரும்பிய பிறகு கொடுத்தால் எதற்காகக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. நாயின் சிறுநீர் நனைந்த சிறிதளவு மண்ணை அந்த மூலையில் போட்டு வைத்தால், மோப்பமே பாதி வேலையை முடித்துவிடும்.