வழிகாட்ட ஆளில்லாத வீடா உன் வீடு?

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன். வயது 22. தஞ்சாவூர் பக்கம் சின்ன ஊர். சட்டத் துறையில் வேலை பார்க்க ஆசை. ஆனால் வக்கீலாகி வாதாடும் தைரியம் எனக்கு இல்லை. அதனால் ஆன்லைனில் ஒரு வருட 'பாராலீகல்' (வக்கீலுக்கு உதவியாக வேலை பார்ப்பவர்) டிப்ளமோ சேரலாம் என்றிருக்கிறேன். கட்டணம் 60,000 ரூபாய். மாதக் கடைசிக்குள் கட்டினால் சலுகை உண்டாம். அம்மா வளையலை அடகு வைத்துத் தருகிறேன் என்கிறார். அப்பா 25 வருடமாக ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வீட்டில் விவரம் தெரிந்து வழிகாட்ட யாரும் இல்லாததால் உங்களிடம் கேட்கிறேன். சேரலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சேராதே. அதைச் சொல்ல எனக்கு ஒரு வரி போதும். மீதி இடம் முழுக்க உன் கடிதத்தின் கடைசிக்கு முந்தைய இரண்டு வரிக்குத்தான்.

அப்பா 25 வருடமாக வக்கீல் குமாஸ்தா; அடுத்த வரியிலேயே, வீட்டில் விவரம் தெரிந்தவர் யாரும் இல்லை. இதை எழுதிய பிறகு ஒரு தடவையாவது திருப்பிப் படித்தாயாம்மா?

அந்த டிப்ளமோ பாடத்திட்டத்தை எடுத்து வைத்துக்கொள். கட்சிக்காரரிடம் விவரம் கேட்டு எழுதுவது, மனு தயாரிக்க உதவுவது, ஆவணங்களை வரிசைப்படுத்துவது, தாக்கல் செய்யும் நடைமுறை, தேதிகளைக் கண்காணிப்பது. இதைத்தானே உன் அப்பா தினம் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போய்ச் செய்துவிட்டு வருகிறார்? புரோ நோட்டுக் கடனுக்கு வழக்குப் போட மூன்று வருடக் கெடு என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். பிராதில், அதாவது வழக்கு மனுவில், கோர்ட் ஃபீ குறைந்தால் அது வழக்கு எண் பெறாமல், நம்பர் ஆகாமல் ரிட்டர்ன் ஆகும் என்பதும், பேட்டா என்கிற சம்மன் கட்டணம் கட்டாவிட்டால் எதிராளிக்கு சம்மன் போகாது என்பதும் அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

ஒன்று மட்டும் அவரிடம் கேட்டுப் பார். முன்சீப் கோர்ட் தீர்ப்பின் மேல் அப்பீல் போட 30 நாள். தீர்ப்பின் நகல் வாங்க ஆகும் காலத்தை அதில் கழித்துக்கொள்ளலாம் என்று 1963-ம் வருடக் காலவரையறைச் சட்டத்தின் 12-வது பிரிவு சொல்கிறது. இது எந்தப் புத்தகத்திலும் இருக்கும். ஆனால் எத்தனை நாள் கழியும் என்பது நகலின் பின்பக்கத்தில் இருக்கிறது: மனு போட்ட தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, ஸ்டாம்ப் கட்டிய தேதி, நகல் தயாரான தேதி. கேட்டும் ஸ்டாம்ப் கட்டாமல் தாமதித்த நாளும், தயாரான பிறகு வாங்காமல் விட்ட நாளும் நம் கணக்கில்தான் ஏறும். பல வக்கீல்களே இந்தக் கணக்குக்கு குமாஸ்தாவைத்தான் கூப்பிடுகிறார்கள். அந்த மனிதரை வீட்டில் வைத்துக்கொண்டு, அம்மா வளையலில் காசு பார்க்கும் ஒரு கம்பெனியிடம் பாடம் கேட்கப் போகிறாய்.

உனக்கு அவர் வேலை கூச்சமாக இருக்கிறது. கல்லூரியில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டபோது 'கோர்ட்டில் வேலை' என்று மட்டும் சொல்லிவிட்டு நழுவியிருப்பாய். சோறு போட்ட வேலையைப் பெற்ற பிள்ளையே மதிக்காவிட்டால் ஊர் எங்கே மதிக்கப்போகிறது? வக்கீல் குமாஸ்தாக்களுக்கென்று தமிழ்நாடு அரசு 1999-ல் நல நிதிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. சட்டசபைக்குத் தெரிந்த ஆள் மகளுக்குத் தெரியவில்லை.

உன் அப்பாவையும் நான் விடமாட்டேன். பெண் பிள்ளைக்குக் கோர்ட் வராண்டா எதற்கு என்று ஒதுக்கியே வளர்த்திருப்பார். இன்றைக்கு அதே வராண்டாவில் பெண் வக்கீல்கள் கட்டுக் கட்டாகக் கேஸ் கட்டைச் சுமந்துகொண்டு நடக்கிறார்கள். அவர் கண்ணில் படவில்லையா?

டிப்ளமோ விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் பாராலீகலுக்கு லைசென்ஸ் கிடையாது, வக்கீல்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சில் நடத்தும் தேர்வும் கிடையாது. சலுகை தருகிறேன் என்று போன் செய்பவரிடம், இந்தச் சான்றிதழை வைத்து எந்தக் கோர்ட்டில் எந்த மனுவில் கையெழுத்துப் போடலாம் என்று கேள். 1961-ம் வருட வழக்கறிஞர் சட்டப்படி அந்த உரிமை பதிவு செய்த வழக்கறிஞருக்கு மட்டும்தான். சென்னை, பெங்களூரில் ஒப்பந்தம் சரிபார்க்கும் கம்பெனிகள் உண்டு, அங்கேயும் எல்.எல்.பி. முடித்தவர்கள் உனக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு பாரா லீகல் வாலண்டியர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருகிறது. அதற்கு நீ காசு கட்ட வேண்டாம். கிடைப்பது மதிப்பூதியம், சம்பளம் அல்ல. அறிவிப்பு வந்தால் விண்ணப்பம் போடு, பழக்கமாகும்.

நீ படிக்க வேண்டியது மூன்று வருட எல்.எல்.பி. பட்டதாரிக்கு அதுதான் வாசல். நேரில் போய்ப் படிக்க வேண்டும். தபால் வழி எல்.எல்.பி.யை பார் கவுன்சில் ஏற்காது, ஏமாந்துவிடாதே. வாதாடத் தைரியமில்லை என்கிறாய். கோர்ட் பக்கமே போகாத பெண்ணுக்கு அது எப்படித் தெரிந்தது? பத்திரம் பார்ப்பது, கருத்துரை எழுதுவது என்று ஜட்ஜ் முன்னால் வாய் திறக்காமலே பிழைக்கும் வக்கீல்கள் ஏராளம்.

வளையல் பீரோவிலேயே இருக்கட்டும். பட்டம் வாங்கிய பிள்ளை தாய் நகையில் கை வைக்கக் கூடாது. என்னைப் பழைய காலத்து ஆள் என்றாலும் சரி, இதில் நான் மாறுவதாக இல்லை.

திங்கட்கிழமை அப்பாவோடு கிளம்பு. மனுக்களை ஆன்லைனில் தாக்கல் செய்யும் இ-ஃபைலிங் வந்த பிறகு அவர் தலைமுறைக் குமாஸ்தாக்கள் பலர் பி.டி.எஃப். ஏற்றித் தரச் சொல்லி ஜெராக்ஸ் கடையில் காத்து நிற்கிறார்கள். உன் கையில் லேப்டாப் இருந்தால் அந்த வேலையை நீ எடுத்துக்கொள். நம்பர் ஆகிற வேலையை அவர் உனக்குச் சொல்லித் தரட்டும். வக்கீலிடம் உனக்காக அப்பாவே பேசட்டும், அது அவர் கடமை. சம்பளத்தையும் அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள். 'நம்ம குமாஸ்தா பொண்ணுதானே' என்று ஆறு மாதம் சும்மா வேலை வாங்குகிற வக்கீல்களும் உண்டு.