அந்தமான் பாறையில் ப்ராஜெக்ட் செய்தால் வேலை கிடைக்குமா?

"கல்லு பொறுக்க அந்தமான் வரைக்கும் போகணுமா? பெட்ரோலுக்கே காலம் முடியப் போகுதுங்கிறாங்களே" என்று கேட்டிருந்தீர்கள், ஐயா. எம்.எஸ்சி. ஜியாலஜி படிக்கும் உங்கள் மகளுக்கு வழிகாட்டி கொடுத்த தலைப்பு, அந்தமான் படிவுப் பாறைகளுக்கு எண்ணெய், எரிவாயு தரும் தகுதி உண்டா என்பது. போகட்டும் என்பதே என் பதில். ஆனால் சில விஷயங்களை முதலிலேயே கேட்டு உறுதி செய்துகொண்டு போகட்டும்.

தலைப்பு காலாவதியானதல்ல. 2025 செப்டம்பரில் ஆயில் இந்தியா நிறுவனம் அந்தமானின் கிழக்குக் கரையிலிருந்து சுமார் 17 கி.மீ. தொலைவில், 295 மீட்டர் ஆழக் கடலில் தோண்டிய ஸ்ரீ விஜயபுரம்-2 கிணற்றில் எரிவாயு இருப்பது தெரியவந்தது. அதில் 87 சதவீதம் மீத்தேன். பாராடங் தீவின் சேற்று எரிமலைகளில் மீத்தேன் குமிழியிடுவதோ வெகுநாளாகத் தெரிந்த சங்கதி. வாயு இருக்கிறது, சரி. அதை உருவாக்கிய பாறை, அதாவது மூலப்பாறை, எது என்பதுதான் கேள்வி. தீவில் நிலத்துக்கு மேலே தெரியும் மித்தகாரி தொகுதி என்ற பாறை அடுக்குகளையும், அதற்கு மேலே கிடக்கும் அந்தமான் ஃபிளிஷ் என்ற படிவுகளையும் ஆராய்வது அதனால்தான்.

ஆய்வகத்தில் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். பாறையைப் பொடித்து, ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத அளவை ராக்-எவால் என்ற கருவியில் வைப்பார்கள். 300 டிகிரியில் ஏற்கெனவே உருவாகியிருக்கும் ஹைட்ரோகார்பன், அதாவது எண்ணெயும் வாயுவும், வெளியேறும், அது எஸ்1. பிறகு படிப்படியாகச் சூடேற்றும்போது பாறை இனிமேல் தரக்கூடியது வெளியேறும், அது எஸ்2. எஸ்2 உச்சம் தொடும் வெப்பநிலைதான் டி-மேக்ஸ். பொதுவாக அது 435 டிகிரியைத் தாண்டினால் எண்ணெய் உருவாகும் கட்டம் தொடங்கிவிட்டது என்று கொள்வார்கள்.

உதாரணத்துக்கு, ஷேல் என்ற களிமண் பாறை மாதிரி ஒன்றில் கரிமக் கார்பன் (உயிரின எச்சத்திலிருந்து வந்த கார்பன்) 0.8 சதவீதம், எஸ்2 கிராமுக்கு 0.6 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.6ஐ 0.8ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் ஹைட்ரஜன் குறியீடு 75. அந்தக் கார்பன் எவ்வளவு எண்ணெய், வாயு தரும் என்பதைக் காட்டும் எண் இது; 75 என்பது குறைவு. செடிகொடிகளின் எச்சம் நிறைந்த பாறை, கொடுத்தால் வாயுதான் கொடுக்கும், அதுவும் சொற்பமாக. கார்பன் 0.5ஐத் தாண்டிவிட்டது என்பதற்காக "நல்ல மூலப்பாறை" என்று முடிவுரையில் எழுதிவிடும் ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன். நேர்காணலில் முதலில் அடிபடுவது அந்த வரிதான்.

எஸ்2 கிராமுக்கு 0.2 மில்லிகிராமுக்கும் கீழே போனால் டி-மேக்ஸை நம்பவே கூடாது. சாலையோரத்தில் வெயிலும் மழையும் தின்ற பாறையில் கார்பனும் ஹைட்ரஜனும் குறைந்துதான் காட்டும். மேல்தோலை வெட்டித் தள்ளிவிட்டு உள்ளிருக்கும் புதுப் பாறையை எடுக்க வேண்டும். அந்தமானுக்கே உரிய சிக்கல் இன்னொன்றும் உண்டு. பூமியின் மேலோட்டுத் தட்டு ஒன்று இன்னொன்றின் அடியில் புகும் இடத்தில், எரிமலை வரிசைக்கு முன்னால் இருக்கும் பகுதி அது. பூமிக்கடியில் சூடு பொதுவாகக் குறைவு. கரிமப் பொருள் இருந்தாலும் பக்குவப்பட்டிருக்காது என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. மகள் இதை அலசி எழுதினால் ஆய்வேட்டுக்குத் தனி எடை வரும்.

எனவே வழிகாட்டியிடம் கேட்க வேண்டியவை: ராக்-எவால் எங்கே செய்யப் போகிறோம், கட்டணம் யார் தருவது, மாதிரி எடுக்க வனத்துறை அனுமதி வாங்கியாயிற்றா. ஜாரவா பழங்குடியினர் காப்பகத்துக்குள் நினைத்தபடி சுத்தியலைத் தூக்கிக்கொண்டு நுழைய முடியாது. அனுமதிக் கடிதம் கையில் வராமல் கப்பல் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். எண்ணெய் நிறுவனங்களின் ஆள்சேர்ப்பு கச்சா எண்ணெய் விலையோடு ஏறி இறங்கும். 2014க்குப் பிறகு விலை சரிந்தபோது உலகம் முழுக்க ஜியாலஜிஸ்டுகள் வேலை இழந்தார்கள். அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசியை மட்டும் நம்பி உட்கார்வது எனக்குச் சம்மதமில்லை. யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு வழியாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கும், மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் போகலாம். ஆராய்ச்சிக்குப் போக நினைத்தால், கரிம வேதியியல் தெரிந்த கை நிலக்கரி, மாசு ஆய்வு, கார்பன் டை ஆக்சைடை நிலத்தடியில் தேக்கும் திட்டங்கள் என்று எங்கும் பயன்படும். "எண்ணெய்க்குக் காலம் முடிகிறது" என்ற பயத்துக்கு இதுவே என் பதில்.

கடைசியாக, காலண்டரைப் பாருங்கள். அந்தமானில் மே முதல் டிசம்பர் வரை இரண்டு பருவமழையும் மாறி மாறி அடிக்கும். களப்பணிக்கு வசதியானது ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான். மேற்படிப்புக்கும் சில அரசு நிறுவன வேலைகளுக்கும் உதவும் கேட் (GATE) தேர்வும் வழக்கமாகப் பிப்ரவரியில்தான் வருகிறது. ஜியாலஜிக்கான தாள் என்றைக்கு என்று அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். அதை எழுதி முடித்துவிட்டு மார்ச்சில் கிளம்பும்படி வழிகாட்டியிடம் இப்போதே பேசி வைக்கச் சொல்லுங்கள்.