ஆப்பிள் அறிமுக விழாவை நேரலையில் பார்க்க சஃபாரி பிரவுசர்தான் வேண்டுமா?

கேள்வி கேட்டவர் பூம்பாறைக்காரர். பள்ளியில் படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் வைத்திருக்கிறார், அதில் விண்டோஸ் 7 ஓடுகிறது. நெட்டுக்கு ஆண்ட்ராய்டு போனின் ஹாட்ஸ்பாட். செப்டம்பரில் ஆப்பிள் புது ஐபோனை அறிமுகப்படுத்தும் விழாவை நேரலையில் பார்க்க ஆசை. "சஃபாரி இருந்தால்தான் ஓடும், உன் மெஷினில் வாய்ப்பே இல்லை" என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். சஃபாரி என்பது ஆப்பிளின் சொந்த பிரவுசர். அது உண்மையிலேயே வேண்டுமா என்று கேட்கிறார்.

உண்மை இல்லை. உங்கள் லேப்டாப்பிலேயே பார்க்கலாம். ஆனால் அப்படிச் சொன்னவரைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் பல வருடங்களுக்கு நிலைமை அப்படித்தான் இருந்தது. நான் கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வி கடைக்கும் வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2010 செப்டம்பர் விழாவை ஆப்பிள் நேரலையாகக் காட்டியபோது, மேக்கில் ஸ்னோ லெப்பர்ட் என்ற ஆபரேட்டிங் சிஸ்டமும் சஃபாரியும் இருக்க வேண்டும், இல்லையென்றால் கையில் ஐபோனோ ஐபேடோ இருக்க வேண்டும் என்பது விதி. விண்டோஸ்காரர்களுக்கு இடமே இல்லை. 2014-இல் ஐபோன் 6-உம் ஆப்பிள் வாட்ச்சும் வெளிவந்த விழாவுக்கும் அதே கட்டுப்பாடுதான். 2015 செப்டம்பரில் விண்டோஸ் 10-இன் எட்ஜ் பிரவுசருக்குக் கதவு திறந்தது. 2018-இல்தான் குரோம், பயர்பாக்ஸ் இரண்டிலும் பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். 2019 செப்டம்பரில் முதல் முறையாக யூடியூபிலேயே நேரலை வந்தது. அதோடு பிரவுசர் பிரச்சினை தீர்ந்தது என்றே சொல்லலாம்.

ஏன் அப்படி ஒரு கட்டுப்பாடு? நேரலை வீடியோ ஒரே நீளமான ஃபைலாக வருவதில்லை. ஹெச்எல்எஸ் என்று ஒரு முறையை ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்தது. அதில் வீடியோவைச் சில வினாடி நீளத் துண்டுகளாக வெட்டி, சாதாரண வெப்சைட் ஃபைல்களைப் போலவே சர்வரில் வைத்துவிடுவார்கள். எந்தத் துண்டுக்கு அடுத்து எந்தத் துண்டு என்று சொல்ல, எம்3யு8 என்று முடியும் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். பிரவுசர் அந்தப் பட்டியலைத் திரும்பத் திரும்ப வாங்கிப் படித்து, புதிதாகச் சேர்ந்த துண்டுகளை எடுத்து ஓட்டும். ஒரே காட்சியை நாலைந்து தரத்தில் வெட்டி வைத்திருப்பதால், நெட் குறைந்தால் அடுத்த துண்டை மங்கலான தரத்தில் எடுத்துக்கொள்ளும். நம் மலையில் படம் திடீரென்று மங்கி, கொஞ்ச நேரத்தில் தெளிவாவதற்குக் காரணம் இதுதான். வீடியோ நிற்காமல் போக அது செய்யும் ஏற்பாடு.

சஃபாரிக்கு எம்3யு8 பட்டியலை நேரடியாகப் படிக்கத் தெரியும். கம்ப்யூட்டரில் ஓடும் குரோமுக்கும் பயர்பாக்ஸுக்கும் அன்று தெரியாது. அப்புறம் எம்எஸ்இ என்ற வசதி வந்தது. வெப்சைட்டில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்டே துண்டுகளை வாங்கி வீடியோ பிளேயருக்குள் ஊட்டிவிடலாம். 2016-இல், வெப்புக்குத் தரநிலைகள் வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதை முறையான பரிந்துரையாகவே வெளியிட்டது. டெய்லிமோஷன் என்ற வீடியோ தள நிறுவனத்திலிருந்து வந்த ஹெச்எல்எஸ் டாட் ஜேஎஸ் என்ற இலவச நிரல் அதற்கு முன்பே இருந்தது. அதைச் சேர்த்தால் குரோமிலும் ஹெச்எல்எஸ் ஓடும்.

அதனால்தான் அந்தப் பழைய கட்டுப்பாட்டை வெறும் தொழில்நுட்பச் சிக்கல் என்று என்னால் ஏற்க முடியவில்லை. அதே காலத்தில் கூகுள், டெவலப்பர்களுக்காக நடத்தும் தன் ஐ/ஓ மாநாட்டை யூடியூபில் யாருக்கு வேண்டுமானாலும் காட்டிக்கொண்டுதான் இருந்தது. புதுப் பொருளைப் பற்றி உலகத்துக்கே சொல்லப் போகிறோம் என்று மேடை போடுகிற கம்பெனி, அந்தப் பொருளை ஏற்கெனவே வாங்கியவர்களை மட்டும் உள்ளே விடுவது சரியில்லை. பார்த்துக் கற்றுக்கொள்ள நினைக்கிற மாணவன்தான் வெளியே நிற்கிறான்.

கட்டுப்பாடு இருந்தால் ஒளிபரப்பாவது சுத்தமாக வந்ததா என்றால், 2014 விழாவில் அதுவும் இல்லை. தொடக்கத்தில் படம் அறுந்து அறுந்து வந்தது, நடுவில் ஒளிபரப்பைச் சோதிக்கப் போடும் டிவி டெஸ்ட் கார்டு தெரிந்தது, பேச்சுக்கு மேலேயே சீன மொழிபெயர்ப்பும் சேர்ந்து கேட்டது. சஃபாரியோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கே இந்தக் கதி. விழாப் பக்கத்திலேயே ட்வீட்டுகளும் படங்களும் ஓயாமல் மாறிக்கொண்டிருந்ததால் அதை கேஷ் செய்து, அதாவது ஒருமுறை நகலெடுத்து வைத்து எல்லோருக்கும் அதையே கொடுத்து, பரிமாற முடியாமல் சர்வர் திணறியது என்று வீடியோ ஒளிபரப்புத் துறையை அலசும் டான் ரேபர்ன் அப்போது எழுதினார்.

சரி, உங்கள் லேப்டாப்புக்கு வருவோம்.

முதலில் எந்த பிரவுசரில் திறக்கிறீர்கள் என்று பாருங்கள். விண்டோஸ் 7-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 இருந்தாலும் அதில் எம்எஸ்இ கிடையாது. விண்டோஸ் 8-க்கு மேல்தான் அந்த பிரவுசருக்கு அது உண்டு. ஆகவே அந்த நீல 'இ'-யை மறந்துவிடுங்கள். விண்டோஸ் 7-க்கு வந்த கடைசி குரோம் 109, கடைசி பயர்பாக்ஸ் 115. இரண்டிலும் எம்எஸ்இ, ஹெச்.264 வீடியோ, ஏஏசி ஆடியோ மூன்றும் இருக்கின்றன. 2018-இல் ஆப்பிள் கேட்ட தகுதியும் அதே மூன்றுதான். விண்டோஸுக்கான சஃபாரியை எங்கிருந்தாவது இறக்கிப் போட்டுவிடாதீர்கள். அது 2012-இல் 5.1.7-ஓடு நின்றுபோனது, இன்றைய பல வெப்சைட்டுகள் அதில் ஒழுங்காகத் திறக்காது.

அடுத்து, திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. கடைக்கு வருகிற அரசு லேப்டாப்புகளில் "எந்த சைட்டும் திறக்க மாட்டேங்குது அண்ணே" என்று கொண்டுவருகிறவற்றில் பெரும்பாலும் இதுதான் கோளாறு. மதர்போர்டில் இருக்கும் சின்ன செல் தீர்ந்துபோனால், லேப்டாப்பை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் தேதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். ஹெச்டிடிபிஎஸ் என்று முகவரி தொடங்கும் பாதுகாப்பான சைட்டுகளின் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. உங்கள் கடிகாரம் பழைய வருடத்தைக் காட்டினால், அந்தச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவே இல்லை என்று பிரவுசர் முடிவு செய்து கதவை அடைத்துவிடும். குரோம், கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று தெளிவாகவே எழுதிக் காட்டும். ஆனால் எச்சரிக்கையைப் பார்த்ததும் வைரஸ் என்று பயந்து மூடிவிடுகிறார்கள். தேதியைக் கையால் சரிசெய்தால் அன்றைக்கு வேலை நடக்கும். செல்லை மாற்றினால் நிரந்தரமாகத் தீரும், பெரிய செலவில்லை.

இது முடிந்ததும், விழாவுக்கு முந்தைய நாளே யூடியூபில் ஏதாவது ஒரு செய்திச் சேனலின் நேரலையைப் போட்டுப் பாருங்கள். படம் திக்கினால் காரணம் லேப்டாப்பா நெட்டா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து, கடைசியில் வரும் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் தொட்டால் கறுப்புப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் இரண்டு வரி போதும். 'பஃபர் ஹெல்த்' என்பது இன்னும் எத்தனை வினாடி வீடியோ கையில் இருக்கிறது என்று காட்டும். அது இறங்கி இறங்கிப் பூஜ்யத்தைத் தொட்டால் நெட் போதவில்லை. பஃபர் நன்றாக இருந்தும் 'ஃபிரேம்ஸ்' வரியில் 'டிராப்டு' எண் (காட்டாமல் விட்ட ஃபிரேம்கள்) மட்டும் ஏறிக்கொண்டே போனால் லேப்டாப்பால் ஈடுகொடுக்க முடியவில்லை. இரண்டுக்கும் முதல் மருந்து ஒன்றுதான், செட்டிங்ஸில் தரத்தை 480-க்கு இறக்குங்கள். லேப்டாப்தான் காரணம் என்றால் மற்ற டேப்களையும் மூடுங்கள்.

நெட் விஷயத்தில் நம் பக்கம் ஒரு நம்பிக்கை இருக்கிறது, மூடுபனி இறங்கினால் சிக்னல் போய்விடும் என்று. போனுக்கு வரும் அலைவரிசைகளை மூடுபனி அவ்வளவாகத் தொடுவதில்லை. குறுக்கே நிற்கும் மலைதான் பிரச்சினை. 2300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசை, 850, 900 அளவுக்கு மேட்டைச் சுற்றி வளைந்து வராது. டவர் தெரிகிற பக்கத்து ஜன்னலோரம் போனை வைத்து, ஹாட்ஸ்பாட் மூலம் லேப்டாப்பை வீட்டுக்குள் வைத்துக்கொண்டால் நல்ல வித்தியாசம் தெரியும். கனமழை வேறு விஷயம். சில டவர்கள் ஒன்றோடு ஒன்று மைக்ரோவேவ் இணைப்பில் பேசுகின்றன, மழை கொட்டினால் அது பலவீனமாகும். கரண்ட் போய் டவரின் பேட்டரியும் தீர்ந்தால் நாம் செய்ய எதுவும் இல்லை. செப்டம்பரில் இரண்டும் நடக்கக்கூடியவைதான்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஊர்த் திருவிழாவையும் பள்ளி ஆண்டு விழாவையும் சொந்த வெப்சைட்டில் நேரலையாகப் போடுகிற தம்பிகள் இதைப் படித்தால் உதவும். உங்கள் பிளேயரில், வந்திருப்பது எந்த பிரவுசர் என்று பெயரைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். அதற்கு என்ன ஓட்டத் தெரியும் என்று கேளுங்கள். ஹெச்எல்எஸ் நேரடியாக ஓடுமா என்று பாருங்கள், ஓடாவிட்டால் எம்எஸ்இ இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் ஹெச்எல்எஸ் டாட் ஜேஎஸ் வழியாகக் கொடுங்கள். எம்எஸ்இ மட்டும் போதும் என்று விட்டால் பழைய ஐபோன்காரர்கள் வெளியே நிற்பார்கள், ஏனென்றால் ஐபோனுக்கு அதைப் போன்ற வசதி 2023-இல் ஐஓஎஸ் 17.1-இல்தான் வந்தது. அன்று ஆப்பிள் மற்றவர்களுக்குச் செய்ததை நாம் யாருக்கும் செய்ய வேண்டாம். வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் தேர் நகர்வதைப் பார்க்க எந்தப் போனில் வருவார்கள் என்று நமக்குத் தெரியாது. வீட்டில் இருப்பதிலேயே பழைய போனில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு லிங்க்கை அனுப்புங்கள்.

கடைசியாக நேரமும் டேட்டாவும். விழா பொதுவாக கலிபோர்னியாவில் காலை 10 மணிக்குத் தொடங்கும். செப்டம்பரில் அது நமக்கு இரவு 10:30. ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பின் ஓடும். 480 தரத்தில் வினாடிக்குச் சுமார் 1 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 450 எம்பி போகும். 720-இல் 3 மெகாபிட் என்றால் மணிக்கு 1350 எம்பி, தினசரி 1.5 ஜிபி பேக்கில் இருப்பவருக்கு அது கட்டாது. ஆனால் தினசரி பேக்குகளில் நள்ளிரவு 12-ஐ ஒட்டி அடுத்த நாள் டேட்டா வந்துவிடும். அன்று பகலில் ரீல்ஸ் பார்ப்பதைக் குறைத்து ஒரு 700 எம்பி மிச்சம் வைத்தாலே 480-இல் 12 மணி வரை தாண்டிவிடுவீர்கள், மிச்சத்தை மறுநாள் டேட்டாவில் பார்த்துக்கொள்ளலாம். நடுவில் கரண்ட் போனால் பதற்றம் வேண்டாம், விழா முடிந்ததும் முழு வீடியோ யூடியூபில் அப்படியே இருக்கும்.